20 வாட் ஆம்ப், 60 வாட் ஸ்பீக்கரின் ட்வீட்டரைக் கருக்கியது எப்படி?

அண்ணியின் பரதநாட்டிய வகுப்பில் ட்வீட்டர் (ஸ்பீக்கர் பெட்டியில் உயர் ஸ்தாயி ஒலியை மட்டும் தரும் சின்ன ஸ்பீக்கர்) கருகுவது வாடிக்கையாகிவிட்டது. புதிதாக ஓர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கட்டிக் கொடுத்து, விஜயதசமிக்குச் சேர்ந்த பிள்ளைகள் அலாரிப்பு முடிக்கும் வரை அது ஓடி, ட்வீட்டர் இரண்டும் உயிரோடு இருக்கின்றன என்று தெரிந்த பிறகு இதை எழுதுகிறேன். வீட்டில் சின்ன ஆம்ப் போர்டும் நல்ல ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இதே தொல்லை வருகிறது.

முதலில் அங்கே இருந்த பொருட்கள். மொட்டை மாடியில் ஷீட் போட்ட கூடம், 20 அடிக்கு 30 அடி. இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றிலும் கீழ் ஸ்தாயிக்கு ஆறரை அங்குல வூஃபர் ஒன்று, டோம் ட்வீட்டர் ஒன்று. 8 ஓம், 60 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்), சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்குத் தரும் சத்தம்) 87 டெசிபெல் என்று பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது. ஆம்ப் என்பது டிபிஏ 3116 ஐசி போட்ட சின்ன கிளாஸ்-டி (ஸ்விட்ச்சிங் முறையில் ஓடும்) போர்டு. ‘50+50 வாட்’ என்று சொல்லி விற்றது. பவருக்குப் பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர். முன்னால் பேஸ் (கீழ் ஸ்தாயி), டிரபிள் (மேல் ஸ்தாயி) திருகு உள்ள டோன் போர்டு. பாட்டு போனிலிருந்து வருகிறது.

ட்வீட்டர் போனபோதெல்லாம் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். சென்னை ரிச்சி தெருவில் ட்வீட்டர் வாங்கிய கடைக்காரரும் அதையே சொன்னார்: “ஸ்பீக்கர் 60 வாட், உங்க ஆம்ப் அதைவிடச் சின்னது. அதால எப்படி சார் போகும்? ட்வீட்டர்தான் மட்டமா இருக்கும்.” கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அதனால் ‘100 வாட்’ என்று அச்சிட்ட விலை கூடிய ட்வீட்டர் வாங்கிப் போட்டோம். அதுவும் போனது.

இந்த முறை அதைத் தூக்கிப் போடாமல் பிரித்துப் பார்த்தேன். பின்னால் உள்ள காந்தத் தட்டை விட்டுவிட்டு, முன்முகத்தின் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் டோம் அப்படியே கையில் வந்துவிடும். அதன் அடியில் மெல்லிய வளையமாகக் காயில். நல்ல காயில் செம்பு நிறத்தில் பளபளக்கும். இது ஒரு பக்கம் காப்பிக் கொட்டை நிறம், மறுபக்கம் கறுப்பு. வார்னிஷ் எரிந்த நெடி இன்னும் போகவில்லை. ஒரு சுற்று பெயர்ந்து, கம்பி அறுந்திருந்தது. கம்பி இழுபட்டோ அடிபட்டோ அறுந்த காயில் இப்படி இருக்காது. இது சூட்டில் செத்த காயில். இழைபோன்ற கம்பி அது. கொஞ்ச நேரம் தொடர்ந்து சூடேறினாலே போதும்.

அடுத்து, சூடு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். வூஃபரை மீட்டரில் பார்த்தால் 6.4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரின் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) ரெசிஸ்டன்ஸ் அந்த அளவில்தான் இருக்கும், சரி. கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அழுத்தினேன், உரசல் இல்லை. ட்வீட்டருக்கு முன்னால் உள்ள 3.3 மைக்ரோஃபாரட் பைபோலார் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருந்தால் பேஸ் முழுவதும் ட்வீட்டருக்குள் போயிருக்கும் என்று சந்தேகப்பட்டேன். கழற்றி அளந்தால் 3.1, நன்றாகவே இருக்கிறது. ஆம்பின் அவுட்புட்டில் டிசி வருகிறதா என்று பார்த்தேன், 12 மில்லிவோல்ட்தான். (இந்த மாதிரி கிளாஸ்-டி போர்டில் டிசி பார்க்கும்போது மீட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்பீக்கர் டெர்மினல் இரண்டிலும் வைக்க வேண்டும். ஒன்றைக் கிரவுண்டில் வைத்தால் சப்ளையில் பாதி வோல்ட், அதாவது 9 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அது கோளாறு அல்ல. அதேபோல இரண்டு சேனலின் மைனஸையும் ஒன்றாக முறுக்கிவிடவும் கூடாது.)

ஆக ஸ்பீக்கரில் குறை இல்லை, கண்டென்சரில் குறை இல்லை, டிசியும் இல்லை. மிச்சம் இருந்தது, அந்த ஆம்ப் உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது என்ற கேள்விதான்.

டம்மி லோடு

8 ஓம் 50 வாட் அலுமினிய ரெசிஸ்டர் இரண்டை, பழைய கம்ப்யூட்டர் பிராசசரின் ஹீட்சிங்கில் இறுக்கி ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டினேன். போனில் 400 ஹெர்ட்ஸ் சைன் அலை. அலையைப் பார்க்க, நாமே சேர்த்துக் கட்டும் ‘கிட்’ ஆகக் கிடைக்கும் சின்ன ஆஸிலோஸ்கோப், பேட்டரியில் ஓடுவது. இந்த அமைப்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பாட்டைப் போட்டுக் காதால் கேட்டு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வால்யூம் திருகைக் கடிகாரத்தில் 10 மணி இருக்கும் இடம் வரை ஏற்றியதும் அலையின் உச்சி தட்டையாக ஆரம்பித்தது. அந்த இடத்தில் மீட்டர் 12.8 வோல்ட். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 20 வாட் சொச்சம். ‘50+50’ எங்கே போனது? ஐசியின் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது: 50 வாட் வேண்டுமென்றால் 21 வோல்ட் சப்ளையும் 4 ஓம் ஸ்பீக்கரும் வேண்டும். நம்மிடம் இருப்பது 19 வோல்ட்டும் 8 ஓமும். சப்ளையைத் தாண்டி அவுட்புட் ஏற முடியாது. சுமார் 18.5 வோல்ட் உச்சிக்கு 21 வாட்தான் கணக்கு, அளந்ததும் அதை ஒட்டியே வந்தது.

ஆனால் திருகு அங்கே நிற்கவில்லையே. வகுப்பில் அது எப்போதும் முக்கால்வாசிக்கு மேல் இருக்கும். அதே இடத்துக்கு ஏற்றினேன். சைன் அலை போய், மண் திட்டின் உச்சியை மட்டப்பலகையால் சீவிவிட்டதுபோல் மேலும் கீழும் தட்டையான சதுர அலை வந்தது. மீட்டர் 19.5 வோல்ட் என்றது. சாதாரண மீட்டர் சதுர அலைக்கு 11 சதவீதம் கூட்டிக் காட்டும், அதைக் கழித்தால் 17.5. வாட் கணக்கில் 38. 20 வாட் ஆம்ப் இப்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பவரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்தப் பவரில் ட்வீட்டருக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் எனக்கு வேண்டியது. சாதாரண மல்டிமீட்டர் உயர் ஸ்தாயி ஒலிக்குச் சரியாக அளக்காது. அதனால் சூட்டை வைத்தே அளந்தேன். ட்வீட்டரைக் கழற்றிவிட்டு, கண்டென்சருக்கு அப்பால் 8 ஓம் 10 வாட் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி, அதன் முதுகில் மீட்டரின் வெப்பமானி வயரைக் கட்டினேன். வகுப்பில் ஓடும் அதே ஜதீஸ்வரம், அதே வால்யூம், அதே டிரபிள். சூடு ஏறி ஓரிடத்தில் நின்றதும் குறித்துக்கொண்டேன். அப்புறம் பாட்டை நிறுத்தி, அதே ரெசிஸ்டருக்கு டிசி பவர் சப்ளையிலிருந்து வோல்ட் கொடுத்து, அதே சூடு வரும்வரை ஏற்றினேன். 7.5 வோல்ட்டில் வந்தது. அதாவது 7 வாட், விடாமல். டிரபிளை நடுவில் வைத்து, வால்யூமை 10 மணிக்குக் கீழே இறக்கி மறுபடி செய்தால் ஒரு வாட்கூட இல்லை.

விஷயம் இதுதான். ‘100 வாட்’ ட்வீட்டர் என்றால் அந்தச் சின்னக் காயில் 100 வாட் தாங்கும் என்று அர்த்தம் அல்ல. சரியான ஃபில்டரோடு, 100 வாட் சிஸ்டம் ஒன்றில் சாதாரணப் பாட்டுக்குத் தாங்கும் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சாதாரணப் பாட்டில் பவரின் பெரும்பகுதி கீழ் ஸ்தாயியில் இருக்கும், ட்வீட்டர் பங்கு சொற்பம். ஆம்ப் தட்டையடிக்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு கலைந்துவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம், அதாவது கனத்த கீழ் ஸ்தாயி, முதலில் உச்சியைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். திருகு ஏற ஏற, மேல் ஸ்தாயி மட்டும் ஏறிக்கொண்டே போகும். சீவிய விளிம்புகளிலிருந்து புதிதாகப் பிறக்கும் உயர் ஸ்தாயியும் அதோடு சேரும். ஸ்பீக்கரின் வாட்டைவிடச் சின்ன ஆம்ப் பாதுகாப்பு என்பது திருகை யாரும் தட்டையடிக்கும் இடத்துக்கு ஏற்றாத வரைக்கும்தான்.

நடன வகுப்புக்கு இதில் இன்னொன்றும் சேர்கிறது. நட்டுவாங்கத் தாளம் வெண்கலத்தில் இரும்பு மோதும் ஒலி. அதன் கூர்மை முழுக்க ட்வீட்டர் பகுதியில்தான் இருக்கிறது. ஏன் டிரபிளைக் கடைசிவரை திருகி வைக்கிறீர்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். “பதினைஞ்சு பிள்ளைங்க சலங்கை கட்டித் தட்டும்போது தாளம் காதுலயே விழாது தம்பி. டிரபிள் ஏத்துனாத்தான் கேட்குது,” என்றார்கள். அவர்கள் கேட்பது நியாயம். தாளம் கேட்காவிட்டால் வகுப்பே நடக்காது. டிரபிளைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. தொடத் தேவையில்லாதபடி செய்ய வேண்டும்.

எத்தனை வாட்?

அதே போர்டுக்கு 24 வோல்ட் சப்ளை வாங்கி மாட்டுவதுதான் மலிவான வழி. 8 ஓமுக்கு 30 வாட் கிடைக்கும். 21-லிருந்து 30 என்பது ஒன்றரை டெசிபெல். காதுக்கு அந்த வித்தியாசம் தெரிவதே கஷ்டம். வேண்டாம் என்று விட்டேன்.

ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் வாட்டைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆம்ப் போடுவது மேடைக் கச்சேரி சவுண்ட்காரர்களின் வழக்கம். அவர்களுக்கு அது சரி, மிக்சரில் ஆள் உட்கார்ந்திருப்பார். இங்கே திருகைத் தொடுவது பிள்ளைகள். அதனால் ஸ்பீக்கர் எவ்வளவோ அந்த அளவை ஒட்டி, சற்றுக் கீழே நிற்கும் ஆம்பைத்தான் கட்ட நினைத்தேன். 60 வாட் ஸ்பீக்கருக்கு 50 வாட் சுத்தமான பவர், அதாவது 8 ஓமில் 20 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சியில் 28 வோல்ட். பிளஸ்-மைனஸ் 33 வோல்ட் சப்ளை இருந்தால் அது சிரமமில்லாமல் வரும்.

டிடிஏ 7294 ஐசி இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. 8 ஓமுக்கு பிளஸ்-மைனஸ் 35 வோல்ட்டில் 70 வாட் கொடுக்கக்கூடியது. ரிச்சி தெருவில் கட்டிய போர்டாகவே கிடைக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இதே ஐசியில் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டுவதானால் சப்ளை பிளஸ்-மைனஸ் 27 வோல்ட்டோடு நிற்க வேண்டும். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொரு ஜோடி 8 ஓம் பெட்டியை இணையாகச் சேர்த்தால் லோடு 4 ஓமாகிவிடும், ஐசி சூடாகித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பெட்டியின் பின்பக்கம் ‘8 ஓம், ஒரு ஜோடி மட்டும்’ என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.

வாங்கியது: 24-0-24, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் 1,350 ரூபாய். போர்டு இரண்டு, 760. 35 ஆம்பியர் பிரிட்ஜும் (ஏசியை டிசியாக்குவது) 10,000 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் கண்டென்சர் இரண்டும் 420. ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு 280. ஹீட்சிங்க் 300. பழைய கேபினட் 450. ட்வீட்டர் ஒரு ஜோடி 840. வயர், சாக்கெட், ஃபியூஸ் ஹோல்டர் என்று 350. பைக் இண்டிகேட்டர் பல்பு இரண்டு, 30 ரூபாய். மொத்தம் 4,780. இந்தப் பல்பு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கட்டும்போது நேரம் தின்றது இரண்டு இடங்கள். இந்த ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்கா தாளும் ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் ஹீட்சிங்கில் இறுக்கினால், கேபினட் முழுக்க மைனஸ் 33 வோல்ட் நிற்கும். இறுக்கிய பிறகு தகட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மீட்டரில் ‘பீப்’ வரக்கூடாது. எனக்கு ஒரு போர்டில் வந்தது. கழற்றிப் பார்த்தால் ஹீட்சிங்க் துளையின் பிசிறு மைக்காவைக் கிழித்திருந்தது. பெரிய ட்ரில் பிட்டைக் கையால் சுழற்றிப் பிசிறை எடுத்துவிட்டுப் புது மைக்கா போட்டேன்.

இரண்டாவது, ஹம். ஆன் செய்ததும் இரண்டு சேனலிலும் மெல்லிய உறுமல். இன்புட் கிரவுண்டைக் கேபினட்டில் ஓரிடத்திலும் சப்ளை கிரவுண்டை இன்னோரிடத்திலும் போட்டிருந்ததால் வந்தது. எல்லாக் கிரவுண்டையும் ஃபில்டர் கண்டென்சர் இரண்டும் சேரும் இடத்தில் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்ததும் நின்றது.

முதல் பவர் எப்போதும் சீரிஸ் பல்பு, அதாவது மெயின்ஸ் லைனில் தொடராக மாட்டிய பல்பு, வழியாகத்தான். 100 வாட் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்து, கண்டென்சர் நிரம்பியதும் அடங்கியது. அடங்காமல் எரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும், எங்கோ ஷார்ட் என்று பொருள். பல்பை எடுத்துவிட்டு நேராக மெயின்ஸில் கொடுத்தபோது பிளஸ்-மைனஸ் 36 வோல்ட், லோடு ஏறியதும் 33. அவுட்புட்டில் டிசி 18 மில்லிவோல்ட். 50-க்குள் இருந்தால் நல்லது. புரொடெக்ஷன் போர்டின் ரிலே சில விநாடி கழித்துத்தான் ஸ்பீக்கரைச் சேர்க்கும். ஐசி போய் டிசி வெளியே வந்தால் உடனே பிரித்துவிடும். 280 ரூபாய்க்கு இதைவிட நல்ல காப்பீடு கிடையாது.

திருகுக்கு ஒரு வேலி

ஆம்ப் பெரிதானால் மட்டும் போதாது. 50 வாட்டையும் தட்டையடிக்க வைக்கலாம், அப்போது கிட்டத்தட்ட 100 வாட் போகும், இந்தத் தடவை வூஃபரும் சேர்ந்து கருகும். அதனால் திருகைக் கடைசிவரை திருகினாலும் தட்டையடிக்கும் இடத்தைத் தொடாதபடி செய்ய வேண்டியிருந்தது.

டோன் போர்டை எடுத்துவிட்டேன். டம்மி லோடை மாட்டி, போனை முழு ஒலியில் வைத்து, 10 கே (10,000 ஓம்) வால்யூம் திருகுக்கு முன்னால் ஒவ்வொரு சேனலிலும் ஒரு ரெசிஸ்டர் சேர்த்துப் பார்த்தேன். 6.8 கே போட்டால் முழுத் திருகில் 16 வோல்ட், அதாவது 32 வாட், தேவைக்கும் குறைவு. 4.7 கே போட்டதும் 19.5 வோல்ட் வந்தது. 47 வாட், ஸ்கோப்பில் உச்சி உருண்டையாகவே இருந்தது. அதையே சால்டர் செய்தேன். மொத்தச் செலவிலேயே ட்வீட்டரை அதிகம் காப்பாற்றுவது சில்லறைக் காசு விலையுள்ள இந்த இரண்டு ரெசிஸ்டர்கள்தான் என்பது என் முடிவு. வேறு போன் அல்லது லேப்டாப் மாட்டினால் இந்த அளவு மாறும், அதையும் அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி அந்த இண்டிகேட்டர் பல்புக்கு வருவோம். பழைய பிஏ (மேடை ஒலிபெருக்கி) பெட்டிகளில் உள்ள வழக்கம் இது. ட்வீட்டருக்குத் தொடராக ஒரு பல்பு. நான் போட்டது பைக்கின் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட். ஆறிய நிலையில் இழையின் ரெசிஸ்டன்ஸ் 1.4 ஓம்தான், ஒலி ஒரு டெசிபெல் சொச்சம் குறையும், அவ்வளவே. கரண்ட் கூடினால் இழை சூடாகி முழு வெளிச்சத்தில் 14 ஓம் வரை ஏறும், ட்வீட்டருக்குப் போகும் பவரைத் தானே விழுங்கிக்கொள்ளும். பெட்டிக்குள் பஞ்சைத் தொடாதபடி சின்னத் தகட்டில் பொருத்தினேன். சோதனைக்காகப் பழைய கிளாஸ்-டி போர்டையே மாட்டி, டிரபிள், வால்யூம் எல்லாவற்றையும் ஏற்றியபோது ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் இழை ஆரஞ்சு நிறத்தில் மினுங்கியது. புது ஆம்பில் வகுப்புப் பாட்டுக்கு மினுங்கவே இல்லை.

இவ்வளவு செய்தும் 21-லிருந்து 50 வாட்டுக்கு ஏறியதில் கிடைத்தது நாலு டெசிபெல்கூட இல்லை. தாளம் கேட்க வைத்தது வேறொன்று. பெட்டிகள் இரண்டும் அண்ணியின் நாற்காலிக்குப் பின்னால் தரையில் கிடந்தன. உயர் ஸ்தாயி நேர்கோட்டில் போகும் ஒலி, அது பிள்ளைகளின் முழங்காலில் மோதி நின்றுகொண்டிருந்தது. சுவரில் ஐந்தடி உயரத்தில் தாங்கி அடித்து, கூடத்தின் நடுவை நோக்கிச் சற்றுத் திருப்பி வைத்தோம். “இப்ப டிரபிளே வேண்டாம் போலிருக்கே,” என்று அண்ணியே சொன்னார்கள். இதை முதலில் செய்து பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

ஒரு மணி நேர வகுப்பு முடிந்த கையோடு ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி வூஃபரை அளந்தேன். காலையில் 6.4 ஓம் இருந்தது 7.1 ஆகியிருந்தது. செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். அந்தக் கணக்கில் காயில் 28 டிகிரி சூடாகியிருக்கிறது. வயரைப் பிடுங்கி மீட்டரை வைப்பதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும், நிஜத்தில் இதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். ஆனாலும் கருகும் தூரத்தில் இல்லை. மீட்டர் மட்டும் உள்ளவர்களுக்கு, ஸ்பீக்கர் கஷ்டப்படுகிறதா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் ஆம்பைத் தொடுவதற்கு முன் ஸ்பீக்கரை மாற்றுவேன். இந்தக் கூடத்துக்கு 87 டெசிபெல் பெட்டி போதாது. 95 டெசிபெல் கொடுக்கும் 10 அங்குல பிஏ பெட்டி, அதே சத்தத்தை ஆறில் ஒரு பங்கு வாட்டில் கொடுத்துவிடும். அப்போது பழைய 19 வோல்ட் போர்டே தட்டையடிக்காமல் ஓடியிருக்கும். புரொடெக்ஷன் போர்டுக்குத் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் கொடுப்பேன். இப்போது பிளஸ் 33 வோல்ட்டிலிருந்து ரெசிஸ்டர் போட்டு இறக்கிக் கொடுத்திருப்பதால் அந்த ரெசிஸ்டர் கை வைக்க முடியாமல் சுடுகிறது. கோடை விடுமுறையில் வகுப்பு இல்லாத வாரத்தில் முதலில் அதை மாற்ற வேண்டும். 10 அங்குலப் பெட்டி வந்தால் இன்புட்டில் உள்ள 4.7 கே-யையும் கழற்றி, புது ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் வாட்டுக்கு ஏற்ப மறுபடி டம்மி லோடில் வைத்து அளந்து போட வேண்டியிருக்கும்.